கன்றும் போத்தும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பெரியக்கா, அவளுடைய வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, வனத்துறை அதிகாரி, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பெண். வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் தன் காதாலேயே கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிற உரக்கடைக்காரர், அந்த நேரத்தில் மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு விஷயத்தை வாசலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் வாசலில் தப்பாகப் பேசப்படும்போது சரியானதைச் சொல்லி வைப்பதும் குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய காரியம்தான்.

அறை என்பது நாற்றங்காலின் அலுவலக அறை. ஒரு மேஜை, மண் ஒட்டிய தராசு, மூலையில் அடுக்கிய பூச்சட்டிகள், சுவரில் தகப்பனாரின் படம். பெரியக்கா முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை ஆனபோது, இனிமேல் சாய்ந்து உட்காரப் பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். "சாயறதுக்கு வேற ஆளைப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அப்பாவும் அப்படித்தான் உட்காருவார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணை வரப்போகிறது என்று தெரிந்த வருடம், ஊரார் எல்லோரும் வீட்டுக் கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா பையை மாட்டிக்கொண்டு ஓடை ஓடையாக ஏறினார். கரைமணி என்கிற புதர் அந்தப் பள்ளத்தாக்கின் பாறை இடுக்குகளில் மட்டும்தான் முளைக்கும். வெள்ளம் மேலே ஏறிப் புரண்டாலும் வேர் பிடியை விடாது. வெள்ளம் வடிந்ததும் மணி மணியாகப் பூக்கும். ஒவ்வொரு ஓடைக் கரைமணிக்கும் ஒவ்வொரு குணம். இருட்டு ஓடைச் செடிக்கு இலையின் அடிப்பக்கம் பூனைக் காது மாதிரி மெத்தென்று இருக்கும். மேலோடைச் செடி வழுவழுப்பாக, வேகமாக வளரும். ஊமை ஓடைச் செடி எல்லாம் பூத்து முடிந்த பிறகுதான் பூக்க நினைக்கும். கூனல் ஓடைச் செடி குட்டை, ஆனால் வறட்சிக்கு அசையாது. ஓடைகளுக்கு இந்தப் பெயர்களை வைத்தவரும் அப்பாதான். ஒவ்வொன்றிலும் விதை எடுத்து, நாற்றங்காலில் ஓடைக்கு ஒரு பாத்தியாகத் தாய்ச்செடிகளை வளர்த்தார். தகரத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஓடையின் பெயரை எழுதி, ஒவ்வொரு பாத்தியிலும் நட்டார். பிறகு அணை நிறைந்தது. கூனல் ஓடை மட்டும் மேட்டில் இருந்ததால் தப்பியது. மற்ற ஓடைகள் எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில்.

கரைமணியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. தன்னிடமிருந்து வெட்டி நட்ட செடியின் மகரந்தத்தையும் ஏற்காது. அந்நியச் செடியிலிருந்து வந்தால்தான் காய்க்குள் விதை பிடிக்கும். அதனால் அப்பாவின் நாற்றங்காலில் இரண்டு சொற்கள் சுத்தமாகப் பிரிந்திருந்தன. விதையிலிருந்து முளைத்தது கன்று. கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைத்தது போத்து. சந்தையில் பைக்குள் பச்சையாக எது நின்றாலும் கன்றுதான். இந்த வீட்டில் அப்படி இல்லை. சின்ன வயதில் தம்பி ஒருநாள் ரோஜாப் போத்தைக் காட்டிக் கன்று என்று சொல்லிவிட்டான். அப்பா அன்று அவனை அந்தப் பாத்தி முழுவதும் தண்ணீர் விடச் சொன்னார். ஒவ்வொரு செடிக்கும் விடும்போது "போத்து, போத்து" என்று சொல்லிக்கொண்டே விட வேண்டும். பெரியக்கா வாய்விட்டுச் சிரித்தபடி கூடவே வாளி தூக்கினாள்.

அப்பாவுக்குப் பிறகு உரிமம் பெரியக்காவின் பெயருக்கு வந்தது. வேலையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அணைக்கு மேலே இருக்கிற மொட்டைச் சரிவில் கரைமணியைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்று வனத்துறை கேட்டபோது, எல்லா ஓடைகளின் வழியும் கலந்த கன்றுகளைக் கொடுப்பதாக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவள் பெரியக்கா. இடுப்பு ஒடிந்த பிறகு நாற்றங்காலின் படிகளில் அவளால் இறங்க முடியவில்லை. தம்பி தினமும் சாயங்காலம் போன் செய்வான்.

"கன்னு எல்லாம் ஜம்முனு இருக்குக்கா."

"இருட்டு ஓடை எப்படிடா இருக்கு? அது நோஞ்சானாச்சே."

"நீயே பாரு. படம் அனுப்பறேன்."

படம் வரும். பச்சைச் செடி. அதன் காலடியில் அப்பா ஆணியால் குத்திய தகரச் சீட்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் மாத்திரை போட்டுக்கொள்வாள். பக்கத்தில் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். "செடிக்குப் பாட்டன் பூட்டன் வரைக்கும் சொல்லுவா. என் கண்ணாடி எங்கேன்னு கேட்டா தெரியாது." படகில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பேச்சில் எப்போதும் ஒரு புகை கிளம்பும்.

சரிவு முழுவதும் பூத்த செய்தி வந்தபோது ஊரே வண்டி கட்டிப் போய்ப் பார்த்தது. அவளையும் காரில் கொண்டுபோய்ச் சாலையோரத்தில் நிறுத்தினார்கள். மலைச்சரிவு ஒரே நிறத்தில், ஒரே நாளில், ஒரே உயரத்தில் பூத்திருந்தது. போர்வை விரித்த மாதிரி இருக்கிறது என்று தம்பி மனைவி சொன்னாள். பெரியக்கா சந்தோஷப்படத்தான் செய்தாள். ஆனாலும் கேட்டாள்.

"ஊமை ஓடைக்காரி இவ்வளவு சீக்கிரம் பூக்க மாட்டாளே?"

"புது இடம், புது மண்ணு. அவளுக்கும் வாய் வந்துடுச்சு போல" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தம்பி சொன்னால் அதற்கு மேல் ஒரு கேள்வி அவளுக்கு வந்ததில்லை. அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள்.

இனி அந்த அறைக்கு வரலாம்.

அன்று மத்தியானம் மண்டபத்தில் கூட்டம். கரைமணி காப்பாற்றப்பட்டுவிட்டது, இனி அது அழியும் நிலையில் இல்லை என்று அதிகாரி மேடையில் அறிவிக்க இருந்தார். அறிவித்துவிட்டால் கூனல் ஓடைக்கு இருக்கிற காவல் நீங்கிவிடும். அதன் மேல் பாலம் போடக் காத்திருந்தார்கள். சரிவில் இத்தனை செடி இருக்கும்போது ஓடையில் கிடக்கிற நாலு குட்டைப் புதர் போனால் என்ன என்பது அவர்கள் கணக்கு. பெரியக்காவுக்கும் அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. கூனல் ஓடையின் பிள்ளைகள் நம் பாத்தியில் இருக்கிறார்களே என்ற தைரியம்.

கூட்டத்துக்கு முன் அலுவலக அறையில் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் டீயைத் தொடவில்லை.

"அம்மா, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சரிவுல மேல, கீழ, ஓரம், நடுவுனு எல்லா இடத்துலயும் இலை எடுத்துச் சோதிச்சோம். எல்லாம் ஒரே செடி."

"ஒரே வகைங்கறியா?"

"வகை இல்லம்மா. ஒரே செடி. ஒண்ணையே வெட்டி வெட்டி நட்டிருக்காங்க. அதான் காய் இருக்கு, உள்ளே விதை இல்லை. ஒரு நோய் வந்தா ஒண்ணு விடாமப் போயிடும். வரலைன்னாலும் அந்தச் சரிவுல அடுத்த தலைமுறைன்னு ஒண்ணு கிடையாது."

அதிகாரி டீயை உறிஞ்சினார். "ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்தா நல்லதுதானேம்மா. சண்டை சச்சரவு இருக்காது" என்று சிரித்தார். வீட்டுக்காரர்கூடச் சிரிக்கவில்லை. அதை அப்போதே பெரியக்கா கவனித்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபம் அந்தப் பெண் மேல்தான் வந்தது.

"இங்க பாரும்மா. நீ படிச்ச பொண்ணு, சோதிச்சதைச் சொல்றே. ஆனா எங்கேயோ கோளாறு. எங்க வீட்டுல போத்து கொடுத்துட்டுக் கன்னுன்னு சொல்ற பழக்கம் கிடையாது. உங்க மெஷினைத் திரும்பப் பாருங்க."

"மூணு தடவை பார்த்தோம்மா."

"அப்ப நாலாவது தடவை பாருங்க. டேய், நீ சொல்லுடா. விதைக்கன்னுதானேன்னு சொல்லு."

தம்பி டீ டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது இப்படித்தான் எதையாவது விரலால் சுற்றுவான். பெரியக்கா அந்த விரலையே பார்த்தாள்.

"சொல்லுடா."

"நான் கன்னுன்னுதான்க்கா சொன்னேன்" என்றான் தம்பி. "விதைக்கன்னுன்னு எப்பச் சொன்னேன்? ஊர்ல எல்லாரும் இதைக் கன்னுன்னுதான் சொல்றாங்க."

பொய் சொல்லியிருந்தால்கூடப் பெரியக்கா தாங்கியிருப்பாள். தினமும் சாயங்காலம் போனில் அந்த ஒரு சொல்லை, அவள் எந்த அர்த்தத்தில் கேட்பாள் என்று தெரிந்தே, பொறுக்கியெடுத்துச் சொல்லியிருக்கிறான். அப்பா கொடுத்த சொல்லைச் சந்தையில் மாற்றிக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டியிருக்கிறான்.

அவள் ஊன்றுகோலை எடுத்தாள். "தாய்ப்பாத்திக்குப் போகணும்."

"படி வழுக்கும்க்கா."

"வழுக்கட்டும்."

ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிடிக்க வந்த கையை எல்லாம் தட்டிவிட்டாள். வலைக்கூரைக்கு அடியில் பாத்திகள் வரிசையாக, களை இல்லாமல், பார்க்க அழகாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பாவின் தகரச் சீட்டு. இருட்டு ஓடை என்று குத்தியிருந்த சீட்டுக்கு முன்னால் குனிய முடியாமல் குனிந்து, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். வழுவழுப்பு. அடுத்த செடி. வழுவழுப்பு. ஊமை ஓடை, வழுவழுப்பு. கூனல் ஓடை என்ற சீட்டுக்குப் பின்னால் நின்ற செடி அவள் தோளுக்கு வளர்ந்திருந்தது. கூனல் ஓடையில் எந்தச் செடியும் முழங்காலைத் தாண்டியதில்லை. எல்லாப் பாத்தியிலும் நின்றது மேலோடையின் ஒரே செடி. எல்லாவற்றின் காலடியிலும் அப்பாவின் கையெழுத்து.

"மத்ததெல்லாம் எங்கடா?"

பதில் தம்பி மனைவியிடமிருந்து வந்தது. "பட்டுப்போச்சு அண்ணி. அந்தக் கோடையில."

"எந்தக் கோடையில?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. ஓட்டல்காரங்க புல்தரைக்கும் அலங்காரப் பனைக்கும் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தாங்க. தண்ணி எல்லாம் அதுக்குத் திருப்பிவிட்டோம். ரெண்டு நாள்தானேன்னு நினைச்சோம். பம்பும் எரிஞ்சுபோச்சு. ஓட்டல் வேலையை முடிச்சுட்டு வந்து பார்த்தா இந்த ஒரு செடிதான் நின்னுச்சு."

"அதை வெட்டி எல்லாப் பாத்தியிலயும் நட்டீங்க."

"பாத்தி காலியா இருந்தா உங்களுக்குத் தாங்காதேன்னு..."

"அப்பா சீட்டையும் திரும்ப நட்டீங்க."

தம்பி ஒருவழியாக வாயைத் திறந்தான். "உன்கிட்டச் சொல்ல பயமா இருந்துச்சுக்கா. நீ ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தே."

"எந்திரிச்சு வந்துட்டேனேடா. அதுக்கப்புறம் எத்தனை சாயங்காலம் போன் பண்ணினே? கூனல் ஓடையில போய் விதை எடுத்துட்டு வந்திருக்கலாமே? அது மட்டும்தானே மிச்சம்? சொல்லியிருந்தா நான் தவழ்ந்தாவது ஏறியிருப்பேனே?"

"விதை போட்டுக் கன்னு வளர்க்க வருஷக்கணக்காகும். வனத்துறைக்காரங்க தேதி சொல்லிட்டாங்க. போத்துன்னா சட்டுனு புடிச்சுக்கும்."

அவள் திரும்பினாள். வீட்டுக்காரர் வலைக்கூரைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் புகை கிளம்பாமல் அவர் இவ்வளவு நேரம் இருந்ததில்லை.

"ஏங்க."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"லாரியில தண்ணி கொண்டுவந்து ஊத்தினதே நான்தான்" என்றார் அவர். "லேட்டாயிடுச்சு. இங்க பாரு, வீட்டு மானம்னா உனக்கு உயிரு. அதுக்கு ஒண்ணு ஆனா நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"படத்தைக் காட்டி மாத்திரை போட வச்சீங்களே. அப்பவும் தெரியுமா?"

அவர் தலையாட்டினார்.

"நல்லா இருக்கு" என்றாள் பெரியக்கா. "அந்தச் சரிவு மாதிரியே ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டீங்க எல்லாரும். நான் ஒருத்திதான் வேற ஓடை."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். கெட்டவர் இல்லை அவர். வேலை முடிந்தால் போதும் என்று இருப்பவர். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. வெளியே ஜனம் உட்கார்ந்திருக்கு. பச்சையா இருக்கு, பூத்திருக்கு, எல்லாரும் கண்ணால பார்த்திருக்காங்க. இதை நமக்குள்ளேயே வச்சுக்கலாம். உங்க பேருக்கும் நல்லது, என் பேருக்கும் நல்லது."

"கூனல் ஓடை?"

"அதுக்குப் பாலம் முடிவாயிடுச்சேம்மா."

தம்பி அவள் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கையெழுத்து உன்னோடது. வெளியே தெரிஞ்சா முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. அப்பா பேரு, உன் பேரு, எல்லாம் தெருவுக்கு வந்துடும். மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டதும் பெரியக்கா அவன் பக்கம் திரும்பினாள். அவள் வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்த சொல். அதையே கயிறாக்கி அவள் கையைக் கட்டப் பார்க்கிறான்.

"சரி. மானத்தைப் பத்தி நீ பேசறே. அப்ப நீயே மேடையில ஏறி நடந்ததைச் சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன். தப்பு பண்ணினான், ஆனா நின்னு சொன்னான்னு இருக்கும். அதுதான் மானம். போ."

"என்னால முடியாதுக்கா."

"நான் பக்கத்துல நிக்கறேன்னு சொல்றேனே."

"முடியாதுக்கா. நாளைக்கு நான் ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுவேன்?"

அவள் இருட்டு ஓடைச் சீட்டைப் பிடுங்கினாள். ஊமை ஓடை, கூனல் ஓடை, ஒவ்வொன்றாக எல்லாச் சீட்டையும் பிடுங்கி, மண்ணைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மேலோடைச் சீட்டை மட்டும் அது நின்ற இடத்திலேயே விட்டாள். பிறகு படியேறினாள். ஏறும்போதும் யார் கையையும் பிடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெண் மட்டும் ஒரு படி பின்னால், விழுந்தால் தாங்குகிற தூரத்தில், தொடாமல் வந்தாள்.

மண்டபத்தில் அவளுக்கு மாலை மரியாதை எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒலிபெருக்கியை அவளே கேட்டு வாங்கினாள். நீளமாகப் பேசவில்லை.

"சரிவுல நிக்கறது கன்னு இல்லை, போத்து. ஒரே செடியோட போத்து. அதுல விதை பிடிக்காது. எல்லா ஓடையும் இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கையெழுத்து தப்பு. எங்க தோட்டத்துல இருந்த மத்த செடியெல்லாம் தண்ணி இல்லாமச் செத்துப்போச்சு. உண்மையா மிச்சம் இருக்கறது மேலோடைச் செடி ஒண்ணும், கூனல் ஓடையில நிக்கற குட்டைப் புதருங்களும்தான். அதை வெட்டிட்டா கரைமணி செத்துச்சுன்னு அர்த்தம். அதை வெட்டாதீங்க."

யாரோ, "உங்க தம்பிதானேம்மா பார்த்துக்கிட்டாரு?" என்று கேட்டார்கள்.

"உரிமம் என்னோடது" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து யாருக்கும் கிடைக்கவில்லை.

அறிவிப்பு அன்று நடக்கவில்லை. அதிகாரி மாலையைத் தானே சுருட்டிப் பெட்டியில் வைத்தார். கூனல் ஓடையின் காவல் நீங்கவில்லை. பாலத்துக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு இடம் பார்க்கிறார்கள். உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெரியக்கா அந்த ஒரே பதிலைத்தான் சொன்னாள். தம்பியின் பெயரை எந்த இடத்திலும் எழுதித் தரவில்லை. அவனை வீட்டுக்குள்ளும் விடவில்லை. ஒருநாள் காலையில் நாற்றங்காலின் சாவி வாசல் கதவில் தொங்கியது. கூப்பிடாமல், மணியடிக்காமல் மாட்டிவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் போன் வருகிற நேரத்தில் அவள் இப்போதும் போனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வது உண்டு. அது வந்தால் எடுப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார். கூனல் ஓடை விதையை ஆய்வுக்கூடத்துப் பெண் கொண்டுவந்து கொடுத்தபோது, வலைக்கூரைக்குள் தண்ணீர் சுமந்தவர் அவர்தான். படிக்கு ஓரமாகக் கைப்பிடிக் கம்பி வைத்தவரும் அவர்தான். "தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்பார். "ஊத்துங்க" என்பாள். அதைத் தாண்டிப் பேச்சு இன்னும் வளரவில்லை. முளைத்தவற்றுக்கு முன்னால் அப்பாவின் கூனல் ஓடைச் சீட்டை அவள் திரும்ப நட்டாள். மற்ற ஓடைகளின் சீட்டுகள் அலுவலக அறையில், அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கின்றன. அவற்றை நட இனி இடம் இல்லை.

ஊரில் பல விதமாகப் பேசுகிறார்கள். பாலத்தை எதிர்த்தவர்கள் அவளைத் தூண்டிவிட்டார்கள் என்கிறார்கள். யாரும் தூண்டவில்லை. மேடையில் அழுதாள் என்கிறார்கள். அழவில்லை. அப்பா நாற்றங்காலைத் தம்பிக்கு எழுதி வைத்துவிட்டாராம், பங்கு கிடைக்காத ஆத்திரத்தில் அக்காக்காரி கூடப்பிறந்தவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாளாம், இதுதான் உரக்கடையில் இப்போது ஓடுகிற பேச்சு. நாற்றங்கால் அன்றும் இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது.